ஏழு சோடிச் செருப்பும் ஒரு டைடியான வீடும்

எங்கள் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் "தொலைந்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. "டைடியாகிவிட்டது" என்பார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வளர்ந்து, வேலைக்குப் போய், மூக்குக்கண்ணாடியும் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. போன நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவின் கத்தரிக்கோல் கிடைக்காதபோதும் அத்தனை முகங்களும் என் பக்கம்தான் திரும்பின. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை எழுதி, என் பக்கத்து நியாயத்தையும் ஒருமுறை சொல்லிவைக்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாம்புரிக்குக் கொஞ்சம் தள்ளி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற வீடு எங்களுடையது. குசினிக் கதவைத் திறந்தால் ஐம்பது அடியில் அப்பாவின் வள்ளம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி என்று நான்கு பேர். சித்தி பாலர் பாடசாலையில் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. வயது இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டை எங்கள் ஊரில் யாரும் சாதாரணக் குரலில் சொல்லமாட்டார்கள். ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அம்மாவின் அண்ணனான என் மாமா அந்த நோய்க்கு மருந்து தேடி மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் மருந்து கிடைத்தது. சிலாபம் பக்கத்துக் குடும்பம். மாப்பிள்ளை இத்தாலியில் வேலை, இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தார். மாமா முன்விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறும்வரை எங்களைக் காக்க வைத்துவிட்டுச் சொன்னார்:

"காணி கேக்கல்ல, நகை கேக்கல்ல. மாப்பிள்ளைட தாய்க்கு ஒண்டே ஒண்டுதான். பொம்பிளை வீடு டைடியா இருக்கோணுமாம்."

"டைடியா எண்டா?" என்று அம்மா கேட்டார்.

மாமாவுக்கு அது தெரியவில்லை. தெரியாததை ஒத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இல்லை. டைடி என்றால் டைடிதான், அதைக் கூடவா கேட்பது என்று சினந்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சுத்தத்தைத்தான் சொல்கிறார்கள் என்று அப்பா சொன்னதை அம்மா ஏற்கவில்லை. சுத்தம் என்றால் சுத்தம் என்றே சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளையின் தாய் கொன்வென்டில் படித்தவர், மெனக்கெட்டு இங்கிலீசில் ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றால் சுத்தத்துக்கு மேலே அதில் ஏதோ இருக்கவேண்டும் என்பது அம்மாவின் வாதம். பேச்சு முற்றி, கடைசியில் என்னை எங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் மிஸ்ஸிடம் அனுப்புவதென்று முடிவாயிற்று. சித்தியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகளின் வரைதல் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் ஒரு பிள்ளை தானாக வந்து ஒரு சொல்லின் பொருளைக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். இடைவேளைப் பாணைக் கூடச் சாப்பிடாமல் ஒரு தடித்த அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு என் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தந்தார், தமிழில்.

கடல் ஏறுவதையும் வற்றுவதையும் சொல்ல ஆங்கிலத்தில் 'டைட்' என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா, பழைய காலத்தில் அதற்குப் பொருள் நேரம், வேளை என்பதுதானாம். அதிலிருந்து பிறந்ததே டைடி. ஆகவே முதலில் அதன் பொருள் 'உரிய நேரத்தில் நடப்பது'. பிறகு, நேரத்துக்கு விளைந்தது நன்றாகத்தானே இருக்கும் என்று, 'செழிப்பானது, கொழுத்தது' என்றும் அதற்குப் பொருள் வந்திருக்கிறது. மாடுகளைக் கூட அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மனிதர்களில் நல்லவர், பார்வைக்கு லட்சணமானவர். 'ஒழுங்காக அடுக்கி வைத்தது' என்ற இன்றைய பொருள் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. அதற்கும் பிறகு, பேச்சு வழக்கில், 'கணிசமான அளவு' என்றும் சொல்கிறார்களாம்.

இதை நான் வீட்டில் உரத்து வாசித்தேன். அதோடு எங்கள் வீட்டில் நான்கு டைடிகள் உண்டாகிவிட்டன.

அம்மா 'கொழுத்தது' என்பதைப் பிடித்துக்கொண்டார். சித்தி மெலிந்தவர். அவர்கள் பெண் பார்க்க வரப் பதினாறு நாள் இருந்தது. அன்று முதல் காலையில் இரண்டு முட்டை, மாலையில் ஒரு கோப்பை ஆட்டுப்பால், இரவில் நெய் விட்ட சோறு என்று சித்தியை டைடியாக்கும் வேலை தொடங்கியது. சித்தி ஒரு மறுப்பும் சொல்லாமல் முட்டையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் வந்து எனக்குத் தருவார். பதினாறு நாளில் எங்கள் வீட்டில் டைடியானது நான் மட்டுமே.

அப்பாவுக்குப் பிடித்தது 'கணிசமான அளவு'. மீன்பாடு எப்படி என்று யாராவது கேட்டால், "இண்டைக்கு டைடி" என்று பதில் சொல்லத் தொடங்கினார். கடல் ஏறி இறங்குவதிலிருந்து பிறந்த சொல் என்றால் அது எங்களைப் போன்றவர்களின் சொல்தான், இங்கிலீசுக்காரன் நம்மிடம் இரவல் வாங்கியிருக்கிறான் என்றும் சொல்லித் திரிந்தார். நான் 'ஒழுங்காக அடுக்கி வைத்தது' பக்கம். அது ஒன்றுதான் என் கைக்கு எட்டிய வேலை.

சித்தி கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். "உரிய நேரத்தில நடக்கிறது" என்று முதல் வரியை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். அவருக்கும் ஒரு பொருள் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. வீட்டை ஒழுங்காக்கும் பொறுப்பு எனக்கும் சித்திக்கும். எங்கள் வீட்டுச் சாமான்கள் எப்படிப்பட்டவை என்றால், எதை எங்கே வைத்தாலும் அது அங்கே இருக்கக்கூடாதது போலத்தான் தெரியும். ஒரு கால் உடைந்த கதிரை, பழைய வலைத் துண்டுகள், காற்றுப் போன சைக்கிள் டியூப், எஞ்சின் எண்ணெய் இருந்த கலன்கள், சிவப்புப் பிளாஸ்டிக் பேசின், பஞ்சு வெளியே வந்த மெத்தை, கறள் பிடித்த டின்கள். அலுமாரி ஏற்கெனவே வயிறு புடைத்து நின்றது. எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று நான் நடு வீட்டில் நின்றபோது சித்திதான் சொன்னார், "வள்ளத்துக்குள்ள போடு" என்று.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு எங்கள் கரையின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். அன்றைக்கு ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்காது. பூசை, சாப்பாடு, நித்திரை, அவ்வளவுதான். பின்னேரம் ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடிக்கும். அதோடு கடலுக்கு ஞாயிறு முடிந்தது. மணி ஓய்வதற்கு முன்னமே வள்ளங்களைத் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். முந்திப் போகிறவருக்குத்தான் நல்ல இடம். ஆக, ஞாயிறு ஆறு மணிவரை எங்கள் வள்ளத்தைவிடப் பத்திரமான அலுமாரி உலகத்தில் கிடையாது. மூன்று மணிக்கு வருகிறவர்கள் ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். பிறகு சாமான்களை எடுத்து வைக்க ஒரு மணித்தியாலம் இருக்கிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பூசை முடிந்து வந்ததிலிருந்து சுமந்தேன். வள்ளத்தின் முன்பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே தறப்பாளை இழுத்து மூடினேன். வேகம் பிடித்துவிட்டதில், இருக்கவேண்டிய சாமான்களும் சில போயின என்பது உண்மை. சுவர்மணிக்கூட்டின் கண்ணாடி வெடித்திருந்தது, கொண்டுபோனேன். அப்பா உடுக்கும் சாரங்கள், என் புத்தகப்பை, அம்மாவின் பெரிய அகப்பை எல்லாம் போயின. குசினியில் ஒரு டின் மற்ற டின்களைவிட மோசமாகக் கறள் பிடித்திருந்தது. அதையும் கொண்டுபோனேன். இரண்டு மணிக்கு வீட்டின் நடுவில் நின்று கைதட்டினால் எதிரொலித்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது ஆர்ட வீடு?" என்றார். அது பாராட்டு.

மூன்று மணிக்கு அவர்கள் வரவில்லை. மூன்றரைக்கு மாமாவின் போனுக்கு அழைப்பு வந்தது: பாலாவியில் நிற்கிறார்களாம், முன்னால் லொறிகளாம். நான்கு மணிக்கும் பாலாவியிலேயே நின்றார்கள். நான்கரைக்கு எங்கே நிற்கிறார்கள் என்று மாமா எங்களுக்குச் சொல்லவில்லை. உலகத்திலேயே டைடியை இவ்வளவு விரும்பிய அந்தக் குடும்பம், மிஸ் எழுதித் தந்த பக்கத்தின் முதல் வரியிலேயே தோற்றுப்போய், ஐந்தே கால் மணிக்கு எங்கள் வாசலில் வந்து இறங்கியது. ஏழு பேர். மாப்பிள்ளை, தாய், தகப்பன், அக்கா, அத்தான், ஒரு மாமி, வான் வண்டியை ஓட்டி வந்த உறவுக்காரர்.

இருட்டுமுன் பாலாவியைத் தாண்டவேண்டும், ஆறு மணிக்கு முன் கிளம்பிவிடுவோம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அலுமாரியின் மேற்பக்கத்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். சுவர், மூலை, யன்னல் எதையும் விடவில்லை. ஒரு சாமானும் இல்லாத மேசையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, "இப்பிடி ஒரு டைடியான வீட்ட நான் காணவே இல்ல" என்றார். மாமா தானே பிரசவித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல வீட்டைப் பார்த்தார்.

சித்தி தேத்தண்ணி கொண்டுவந்தார். சேலையில் அவர் மிக அழகாக இருந்தார். ஆனால் முகம் மட்டும் வேறு எங்கோ இருந்தது. தேத்தண்ணியைக் குடித்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் கோப்பையை நிறுத்தினார்கள். அப்போதுதான் அந்தக் கறள் டின்னுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். ஆனால் அன்று எங்களுக்கு எதைத் தொட்டாலும் அதிர்ஷ்டம். மாப்பிள்ளையின் தாய் இன்னொரு மிடறு குடித்துவிட்டு, சீனி போடாத வீடு, நோய் வருத்தம் வராத வீடு என்று மெச்சினார். சீனி வியாதிக்காரரான தகப்பனும் தலையாட்டினார். மாப்பிள்ளை மட்டும் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனிதர். இந்தக் கதையில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பேச்சு கனிந்துகொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், போவதற்குமுன், சம்மதம் என்ற சொல்லைச் சொல்லிவிடுவார்கள் என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது. நான் பெருமை தாங்காமல் முன்வாசலுக்குப் போனேன். அங்கே ஏழு சோடிச் செருப்பும் சப்பாத்தும் கண்டபடி கிடந்தன. அத்தனை ஒழுங்கான வீட்டுக்கு வாசலில் அப்படியொரு அலங்கோலம். வரிசையாக வைத்துப் பார்த்தேன். எங்கள் நாய் வந்து, மாப்பிள்ளையின் தாயுடைய தங்கநிற வாருள்ள செருப்பைக் கவ்வியது. பறித்து வைத்தால் சப்பாத்தைக் கவ்வியது. நான் அள்ளி எடுத்துக்கொண்டு சுற்றிவந்து குசினி வாசலில் நின்று, கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சித்தியிடம் இவற்றை என்ன செய்வது என்று கேட்டேன்.

சித்தி செருப்புகளைப் பார்த்தார். பிறகு மணிக்கூடு இருக்கும் சுவரைப் பார்த்தார். மணிக்கூடுதான் வள்ளத்தில் இருந்ததே. கையைத் துடைத்துக்கொண்டு யன்னலால் வெயிலைப் பார்த்தார்.

"மத்த சாமான் எல்லாம் எங்க இருக்கோ, அங்கயே கொண்டு வை" என்றார். நான் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டார். "வைச்சிட்டுக் கோயிலடிக்கு ஓடு. அண்ணனிட்டச் சொல்லு, வந்திட்டாங்க எண்டு. ஆறு மணிக்கு முந்திப் போறாங்களாம் எண்டும் சொல்லு. வழியில நிக்காத."

அண்ணன் என்று நான் கூப்பிட்டது அப்பாவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவரை. சண்டைக் காலத்தில் சின்ன வயதில் மன்னார்ப் பக்கமிருந்து தாயோடு வந்தவர். கோயில் வளவில் அவர்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதற்கு வாடகை வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மணி அடிக்கவேண்டும். அடித்த கையோடு கரைக்கு ஓடிவந்து வள்ளம் தள்ளுவார். சொந்த வீடு இல்லாதவர் என்பதால் மாமாவின் மாப்பிள்ளைப் பட்டியலில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. அன்றைக்கு விருந்தாளிகளோடு இருக்கவேண்டும் என்று, தனக்காகக் காத்திராமல் இரண்டு பேருமே தொழிலுக்குப் போகும்படி அப்பா அவரிடமும் வள்ளத்தின் மற்ற ஆளிடமும் காலையிலேயே சொல்லியிருந்தார்.

செருப்புகளைத் தறப்பாளுக்குக் கீழே சோடி சோடியாக வைத்துவிட்டு ஓடினேன். வழியில் நிற்காதே என்று சித்தி சொல்லியிருந்தார்தான். ஆனால் கோயில் வேலியோரத்து இலந்தை மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடந்தது. பொறுக்கினேன். நல்லதாகத் தேடிப் பொறுக்கினேன். பாவாடை மடி நிறைந்த பிறகுதான் சித்தி அனுப்பியது ஞாபகம் வந்தது.

அண்ணன் கோயில் படியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சித்தி சொன்னதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

"சரிவந்திடும் போல இருக்கா?"

"ஓம், வீடு டைடியாம். செருப்பெல்லாத்தையும் கூட நான் எங்கட வள்ளத்துக்குள்ள வைச்சிட்டன்."

"வள்ளத்துக்குள்ளயா? சித்தி சொன்னாவா?"

"ஓம்."

அண்ணன் என் மடியிலிருந்து ஓர் இலந்தைப் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து, வலையை அங்கேயே விட்டுவிட்டு மணிக்கூண்டுப் பக்கம் போனார். நான் பாதி வழி வருவதற்குள் மணி அடித்தது. எங்கள் வீட்டு விருந்தாளிகளுக்கு மரியாதையாக அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது.

கத்தோலிக்க வீட்டில் திரிகால மணி கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. நான் உள்ளே நுழைந்தபோது பெரியவர்கள் எல்லோரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, திரிகாலச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு கண்ணைத் திறந்து தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து நாற்பது. வாயைத் திறக்கப் பார்த்தார். ஆனால் செபத்துக்கு நடுவில் யார் எதைச் சொல்வது? செபம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய் தன் பக்தியைக் காட்ட இன்னொரு செபத்தைத் தொடங்கினார். அதை அம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? அவர் மரித்த விசுவாசிகளுக்காக ஒன்று எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்து மாமி கடலில் பயணம் செய்வோருக்காக ஒன்று சொன்னார். அதே நேரம் பின்பக்கத்தில் கடலில் பயணம் செய்வோர் வள்ளம் தள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. பெரியவர்கள் செபிக்கும்போது பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான்.

செபம் முடிந்து எல்லோரும் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார்கள். செருப்பில்லை. முதலில் நாயைச் சந்தேகித்தார்கள். நாய் ஏழு சோடியையும் தின்றிருக்காது என்று மாப்பிள்ளையின் அத்தான் சொன்னார். மாமா கதிரைகளுக்குக் கீழே எல்லாம் தேடினார். கடைசியில் நான்தான் முன்னுக்கு வந்து, கவலைப்படத் தேவையில்லை, எல்லாம் வள்ளத்தில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே அப்பா பின்கதவை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார்.

எல்லோரும் வெறுங்காலோடு ஓடினோம். மாப்பிள்ளையின் தாய் நெருஞ்சி முள்ளில் மிதித்து, "மாதாவே" என்று ஒற்றைக் காலில் நின்றார். மணி அடித்துவிட்டதால் கரை முழுக்க வள்ளங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்களுடையது எல்லாவற்றுக்கும் முன்னால், கரையில் உடையும் திரையை ஏறிக் கடந்துகொண்டிருந்தது. அப்பா கத்தினார், கையைக் காட்டினார். எஞ்சின் சத்தத்தில் எது கேட்கும்? அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய திரை வந்து வள்ளத்தின் முன்பக்கத்தைத் தூக்கியது. காற்றில் தறப்பாள் எழும்பி ஒரு பக்கமாக விழுந்தது. உடைந்த கதிரையின் மூன்று கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றன. சிவப்புப் பேசின், பஞ்சு மெத்தை, அப்பாவின் சாரங்கள், என் புத்தகப்பை என்று எங்கள் வீடு முழுதும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஏழு பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் தாய் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

"இது டைடி வீடு இல்ல. காலி வீடு."

முதல் தரம் கால் வைத்த வீட்டில் காலில் இருந்ததே கடலோடு போய்விட்டது, இதைவிட ஒரு சகுனம் வேண்டுமா என்று மாமியும் சேர்த்துச் சொன்னார். மாமா ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தார். எந்தச் சாமானைப் பற்றி முதலில் விளக்குவது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பாவின் பழைய ரப்பர் செருப்பையும் அயல்வீடுகளில் இரவல் வாங்கிய ஐந்து சோடியையும் பங்குபோட்டுக்கொண்டு வான் வண்டியில் ஏறினார்கள். மாப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அவர் வெறுங்காலோடு கடல் நுரையில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வந்து, எல்லோரிலும் சந்தோஷமாக ஏறினார். சம்மதம் என்ற சொல் வண்டியோடு போய்விட்டது.

அன்றைக்கு ஈர்க்கினால் வாங்கிய அடி இன்றும் எனக்கு மறக்கவில்லை. அகப்பை கடலில் இருந்ததால் அம்மா ஈர்க்கை எடுத்தார். மூன்றாவது அடிக்கு நடுவில் சித்தி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய சேலையில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதேன். சித்தியின் உடம்பும் குலுங்கியது. என்னால் அவருடைய வாழ்க்கையே போய்விட்டது, அதுதான் அழுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாக அழுதேன்.

விடிந்ததும் வள்ளம் வந்தது. அண்ணன் ஏழு சோடியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து குசினி வாசலில் வரிசையாக வைத்தார். இத்தனை சாமான் உள்ளே இருந்தது தெரியவில்லையா என்று அப்பா கேட்டார். தறப்பாளைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று அண்ணன் சொன்னார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீனி டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சித்தி வெளியே வந்து செருப்புகளை எண்ணினார். "பதினாலு" என்றார். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சித்தி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். காலில் தழும்போடு நின்ற எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், மணியை நேரத்துக்கு அடிக்கவேண்டும் என்று ஃபாதர் ஒரு சொல் சொன்னார். கோயில் மணிக்கூடு பிழையாக ஓடிவிட்டது என்று அண்ணன் மன்னிப்புக் கேட்டார்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஒவ்வொரு ஞாயிறும் மாதாவின் முன் முழங்காலில் நின்று, சித்திக்கு இத்தாலியிலிருந்து இன்னொரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து தரும்படி மன்றாடினேன். சத்தமாகத்தான் மன்றாடினேன். பக்கத்தில் முழங்காலில் நிற்கும் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். இரண்டு வருடம் கழித்து அண்ணன் எனக்குச் சித்தப்பா ஆனார். இத்தாலி கேட்ட எனக்கு மாதா கோயில் வளவையே தந்துவிட்டார் என்று கொஞ்சம் மனத்தாங்கலாகவும் இருந்தது. இப்போது அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. எங்கள் கரையில் அதைவிட அலங்கோலமான வீடு கிடையாது.

போன நத்தாரன்று, கத்தரிக்கோலுக்காக எல்லோரும் என்னைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்து கேட்டுவிட்டேன், அன்றைக்கு மணி மட்டும் நேரத்துக்கு அடித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காதே, யார் அதை வெள்ளன அடித்தது என்று. சித்தப்பா வழக்கம்போல மணிக்கூடு பிழை என்றார். சித்தி கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீதானே ஓடிப்போய்ச் சொன்ன" என்றார்.

இத்தனை வருடம் ஒரு கலியாணத்தைக் கெடுத்தவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். இன்னொரு கலியாணம் கெடாமல் நடக்கவேண்டும் என்று சித்தி என் கையில் கொடுத்துவிட்ட செய்தியைத்தான் அன்று கோயிலடிக்குக் கொண்டுபோனேன் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இலந்தை மரத்தடியில் நின்றிருக்க மாட்டேன். நல்ல பழமாகத் தேடித் தேடி அவ்வளவு நேரம் பொறுக்கியதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.